பண்டிகைக் காலக் காலை உணவுச் சீரியலைச் சுவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கும்போதே அமெரிக்கக் கடைகளில் காலை உணவுச் சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் தானியத்துண்டுகள்) அடுக்கும் வரிசை நிறம் மாறத் தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருந்த பெட்டிகளுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் பனித்துகளுமாகப் புதிய பெட்டிகள் வந்து அமர்ந்துகொள்ளும். ஜிஞ்சர்பிரெட் (இஞ்சியும் மசாலாவும் சேர்த்த கேக்) சுவை, சுகர் குக்கி சுவை, பெப்பர்மிண்ட் சுவை என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதியிருக்கும். ஓரத்தில் 'லிமிடெட் எடிஷன்' என்ற பட்டை. அதற்கு முன்பே, அக்டோபர் கடைசியில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கென்று ஒரு சுற்று வந்து போயிருக்கும்.

எனக்கு இந்தப் பெட்டிகள் மீது பிரியம் அதிகம். பல ஆண்டுகளாக வாங்கிச் சுவைத்துக் குறிப்பெடுத்து வருகிறேன். தொடக்கத்தில் எல்லோரையும் போலத்தான் சாப்பிட்டேன். பெட்டியைப் பிரிப்பேன், கிண்ணம் நிறையக் கொட்டுவேன், பாலை ஊற்றி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், 'நன்றாக இருந்தது, இனிப்பாக இருந்தது' என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கிற ஒன்றை இப்படி அவசரமாக விழுங்குவது எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தலில் கொஞ்சம் கொஞ்சமாக உருவான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறையின் உயிர் ஒன்றே ஒன்றுதான்: பண்டிகைச் சீரியலை ஒருபோதும் தனியாகச் சுவைக்காதீர்கள். அதே நிறுவனம் ஆண்டு முழுவதும் விற்கும் அன்றாட வடிவத்தை அருகில் வைத்துக்கொண்டு சுவையுங்கள். பெரும்பாலான சிறப்புப் பதிப்புகளில் அடிப்படைத் தானியத்துண்டு அப்படியேதான் இருக்கும். மேல்பூச்சு, நிறம், வடிவம், கூடக் கலக்கும் மார்ஷ்மெல்லோ என்ற சர்க்கரை மிட்டாய்த் துண்டுகள் ஆகியவைதான் மாறும். பண்டிகை உங்கள் கிண்ணத்தில் உண்மையில் எதைச் சேர்த்தது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புலப்படும்.

படி 1: ஜோடியாக வாங்குங்கள்

சில சீரியல்களுக்கு ஜோடி கண்டுபிடிப்பது எளிது. 1984-இல் வந்த சின்னமன் டோஸ்ட் கிரஞ்சுக்குப் பண்டிகைக் காலத்தில் சுகர் குக்கி டோஸ்ட் கிரஞ்ச் என்று ஓர் உறவு உண்டு. அதே சிறு சதுரங்கள்தான். இலவங்கப்பட்டையின் இடத்தில் குக்கி வாசனை வந்து உட்காரும். 1963-இல் அறிமுகமான கேப்டன் கிரஞ்சுக்குக் கிறிஸ்துமஸ் கிரஞ்ச் என்ற வடிவம் உண்டு. சிவப்பும் பச்சையுமான துண்டுகள் கலந்து வரும். இந்த இரண்டு ஜோடிகளும் பழக நல்லவை.

ஜோடியே இல்லாத சீரியல்களும் உள்ளன. ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் கவுண்ட் சாக்குலாவும் ஃபிராங்கன் பெர்ரியும் 1971-இல் ஆண்டு முழுவதும் விற்கும் சாதாரணச் சீரியல்களாகத்தான் பிறந்தன. 2010-இலிருந்து அவை ஹாலோவீன் பருவத்தில் மட்டும் தலைகாட்டுகின்றன. இவற்றை ஒன்றோடொன்று வைத்துச் சுவைக்கலாம்; சாக்லேட் சுவையும் ஸ்ட்ராபெர்ரி சுவையும் ஒரே வகைத் தானியத்துண்டின் மேல் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க வாய்ப்பு கிடைக்கும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 'இனிக் கிடைக்காது' என்ற எண்ணமே ஆசையைக் கூட்டிவிடும். ஸ்டீஃபன் வொர்ச்செல் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரே வகை பிஸ்கட்டை ஒரு ஜாடியில் 10-உம் இன்னொரு ஜாடியில் 2-உம் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டே இருந்த ஜாடியிலிருந்து எடுத்தவர்கள் அதைக் கூடுதலாக விரும்பினார்கள், விலை கூடுதலாக இருக்கும் என்றும் நினைத்தார்கள். ஆனால் சுவை கூடுதல் என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால் முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்குங்கள். சுவைத்துப் பார்த்துப் பிடித்திருந்தால் இரண்டாவதற்குப் போகலாம். நான் ஓர் ஆண்டு முன்யோசனை இல்லாமல் ஒரே சுவையில் நான்கு பெட்டி வாங்கிவிட்டேன். இரண்டாவது பெட்டியின் பாதியிலேயே அந்த வாசனை திகட்டிவிட்டது.

படி 2: பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள்

முன்பக்கப் படம் ஆசை காட்டுவதற்கு. விஷயம் பக்கவாட்டில் இருக்கிறது.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து அந்தப் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் பிரிகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் நான்கைந்து சொற்கள் ஒன்றாகவே இருக்கும். நிறமிகளும் வாசனைப் பொருள்களும் வரும் கடைசிப் பகுதியில்தான் வேறுபாடு தொடங்கும். ஜிஞ்சர்பிரெட் என்று எழுதிய பெட்டியில் இஞ்சி என்ற சொல் இருக்கிறதா, அல்லது 'இயற்கை மற்றும் செயற்கை வாசனை' என்ற சொற்களோடு முடிகிறதா என்று பாருங்கள். சுவைக்கும் முன்பே இது உங்களுக்குப் பாதி விடை சொல்லிவிடும்.

சர்க்கரைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். அமெரிக்க ஊட்டச்சத்து அட்டவணையில் சேர்த்த சர்க்கரைக்கு ஒரு நாளின் வரம்பாக வைத்திருப்பது 50 கிராம். ஒரு பரிமாறல் அதில் 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் அதிகம் என்று கொள்வது வழக்கம். இனிப்புச் சீரியல்களில் ஒரு பரிமாறலுக்கு 12 கிராம் இருப்பது சாதாரணம், அதாவது 24 விழுக்காடு. பரிமாறல் என்பதோ பல சீரியல்களுக்கு 40 கிராம் அளவில்தான். ஒருமுறை சமையல் தராசில் கிண்ணத்தை வைத்து, வழக்கம்போல் கொட்டிப் பாருங்கள். எனக்கு 40 என்று நினைத்தது 70-ஐத் தொட்டது. இதைக் காலை உணவு என்று நினைப்பதைவிட, காலையில் சாப்பிடும் இனிப்பு என்று நினைப்பதே நேர்மை என்பது என் கருத்து.

மார்ஷ்மெல்லோத் துண்டுகள் கலந்த பெட்டி என்றால் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடுங்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவே பக்கவாட்டைப் படித்தாக வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள், அன்றாட வடிவம் ஒத்துக்கொண்டது என்ற நம்பிக்கையில் பண்டிகை வடிவத்தை எடுத்துவிடக் கூடாது. புதிய சுவைக்காகப் பாதாமோ பாலோ கோதுமையோ உள்ளே வந்திருக்கலாம். 'கொண்டுள்ளது' என்று தொடங்கும் வரியைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

நிறமிகளின் கதை தனி. 1972-இல் குழந்தைகள் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பு வெளியானது. அவனுடைய மலம் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்தார்கள். காரணம் நோயே இல்லை. அவன் சாப்பிட்ட ஃபிராங்கன் பெர்ரியின் சிவப்பு நிறமிதான். இன்று நிலைமை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. சிவப்பு எண் 3 என்ற நிறமிக்கு அளித்திருந்த அனுமதியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் தந்திருக்கிறது. செயற்கை நிறத்தின் இடத்தில் பீட்ரூட், மஞ்சள் போன்றவற்றின் சாறு வரும்போது நிறம் சற்று மங்கித் தெரியும். மங்கிய சிவப்பைக் கண்டு பழைய சரக்கு என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 3: நாக்கைத் தயார் செய்யுங்கள்

பல் துலக்கிய கையோடு சுவைக்க உட்காராதீர்கள். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இனிப்பை மட்டுப்படுத்தி, கசப்பைத் தூக்கிக் காட்டும். ஒரு மணி நேரமாவது போகட்டும். காப்பியும் சுவைத்து முடித்த பிறகுதான். அருகில் குளிராத சாதாரணத் தண்ணீர் ஒரு டம்ளர் இருக்கட்டும்.

ஒரே நாளில் பல சுவைகளைப் பார்ப்பதாக இருந்தால் பெப்பர்மிண்ட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதிலுள்ள மெந்தால், வாயில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளையே தூண்டிவிடுவது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்து வரும் எதையும் நாக்கு சரியாகக் கேட்காது. மூன்று சுவைக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம். நான்காவதற்கு வரும்போது நாக்கு இனிப்புக்கு மரத்துப்போயிருக்கும்.

படி 4: உள்பையைச் சாய்த்து உருட்டுங்கள்

பெட்டிகளில் 'உள்ளடக்கம் சற்றுக் கீழே இறங்கியிருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். லாரியில் குலுங்கி வரும்போது சிறு துகள்கள் இடுக்குகளின் வழியே அடியில் இறங்கிவிடும்; பெரிய துண்டுகள் மேலே ஏறிவிடும். மேல்பூச்சிலிருந்து உதிர்ந்த சர்க்கரைப் பொடியும் வாசனைத் தூளும் அந்த அடியில்தான் கிடக்கும். முதல் கிண்ணம் சப்பென்றும், கடைசிக் கிண்ணம் தெவிட்டும் அளவுக்கும் இருப்பதற்கு இதுவே காரணம். முதல் கிண்ணத்தை வைத்து மொத்தப் பெட்டிக்கும் தீர்ப்பெழுதுவது அநியாயம்.

உள்பையைப் பிரிக்காமல் வெளியே எடுத்து, படுக்கவைத்து, இரண்டு மூன்று முறை மெதுவாக உருட்டுங்கள். குலுக்காதீர்கள், குலுக்கினால் மறுபடியும் துகள் இறங்கிவிடும், துண்டுகளும் உடையும்.

படி 5: பால் ஊற்றாமல் சுவையுங்கள்

வெள்ளைத் தட்டு ஒன்றில் அன்றாட வடிவம் ஒரு பிடி, பண்டிகை வடிவம் ஒரு பிடி. வெள்ளைத் தட்டு நிறத்துக்காக.

முதலில் பார்வை. பூச்சு பளபளப்பாக இருக்கிறதா, மாவு தூவியதுபோல் மங்கலாக இருக்கிறதா? பளபளப்பு என்றால் சர்க்கரைப் பாகு கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது, பாலில் சற்று நேரம் தாங்கும். மாவுபோல் இருந்தால் முதல் நிமிடத்திலேயே கரைந்து பாலுக்குப் போய்விடும். வடிவங்களையும் பாருங்கள். தானியத் துண்டுகள் பெரும்பாலும் மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஓர் அச்சின் துளை வழியே தள்ளிச் செய்யப்படுகின்றன. வெளியே வந்ததும் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, துண்டு பொம்மென்று உப்பிவிடும். கிறிஸ்துமஸ் மரமோ நட்சத்திரமோ முனை மழுங்கித் தெரிவது அப்படி உப்புவதால்தான். மார்ஷ்மெல்லோத் துண்டுகளில் முனைகள் கூர்மையாக நிற்கும். அவை வேறு வழியில் உலர்த்தப்பட்டவை. 1964-இல் வெளிவந்த லக்கி சார்ம்ஸ்தான் இந்தத் துண்டுகளைச் சீரியலுக்குள் கொண்டுவந்தது. ஜெனரல் மில்ஸில் பணியாற்றிய ஜான் ஹோலஹன், கடையில் விற்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயை நறுக்கி, அதே நிறுவனத்தின் ஓட்ஸ் சீரியலான சீரியோஸில் போட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை அது. இன்று பண்டிகைப் பெட்டிகளில் பனிமனிதனும் மணியும் மிதப்பது அந்த நறுக்கலின் தொடர்ச்சி.

அடுத்து மூக்கு. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து மூடி, கைச்சூட்டில் பத்து விநாடி வைத்திருந்து, விரல்களின் இடுக்கு வழியே முகருங்கள். சூட்டில் வாசனை எழும்பும்.

இப்போது இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த சோதனை. மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்டிகைத் துண்டு ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் உப்பு தெரியும், முறுமுறுப்பு தெரியும். அவ்வளவுதான். ஜிஞ்சர்பிரெட்டும் தெரியாது, வெனிலாவும் தெரியாது. பாதி மென்றபின் விரலை எடுங்கள். வாயின் பின்பக்கத்திலிருந்து மூக்குக்கு ஏறும் காற்றோடு வாசனை திடுமென்று வந்து சேரும். அந்தக் கணத்தில் வந்தது எதுவோ, அதுதான் நிறுவனம் இந்தப் பண்டிகைக்காக வாசனையாகச் சேர்த்தது. முதன்முதலாக இதைச் செய்தபோது, இருட்டு அறையில் விளக்கைப் போட்டதுபோல் இருந்தது எனக்கு. அதே சோதனையை அன்றாட வடிவத்திலும் செய்யுங்கள். மூக்கை மூடியிருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால், பண்டிகை வாசனையில் மட்டும்தான் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஒரு விலக்கு உண்டு. இலவங்கப்பட்டையின் சூடும் இஞ்சியின் காரமும் மெந்தாலின் குளிர்ச்சியும் மூக்கை மூடினாலும் தெரியும். அவை வாசனையாக மட்டும் நின்றுவிடாமல் நாக்கின் நரம்பையும் தொடுபவை. ஜிஞ்சர்பிரெட் சீரியல் ஒன்று மூக்கு மூடியிருக்கும்போதே லேசாகக் காரம் காட்டினால், உண்மையான மசாலா சொல்லும்படியான அளவில் இருக்கிறது என்று நம்பலாம். அப்படிப்பட்ட பெட்டி அரிது, கிடைத்தால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

படி 6: பால்

இங்கே நிதானம் வேண்டும். பண்டிகைச் சீரியலின் நல்லதும் கெட்டதும் பாலில்தான் வெளியே வரும்.

முதல் சுவைக்குக் கொழுப்பு நீக்காத, எதுவும் சேர்க்காத பசும்பால் எடுங்கள். வெனிலா, இலவங்கப்பட்டை போன்ற வாசனைகளின் மூலக்கூறுகள் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. கொழுப்புள்ள பால் அவற்றை வாங்கிக்கொண்டு, வாயில் மெதுவாக விடும். கொழுப்பு நீக்கிய பாலில் வாசனை சட்டென்று எழும்பிச் சட்டென்று அடங்கும். தாவரப் பால் குடிப்பவர்கள் அதிலேயே சுவைக்கலாம், ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஓட்ஸ் பாலைத் தயாரிக்கும்போது நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் ஆக்குகின்றன. அதனால் இனிப்புச் சேர்க்காத ஓட்ஸ் பாலும் இனிக்கும், சீரியலின் இனிப்பை மறைக்கும். சோயா பாலுக்கு அதன் அவரை வாசனை உண்டு. இரண்டு கிண்ணத்துக்கும் ஒரே பால் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இருக்கட்டும். வெதுவெதுப்பான பாலில் துண்டுகள் சீக்கிரம் நமுத்துவிடும். அளவு: சீரியல் 40 கிராமுக்குப் பால் 120 மில்லி. முதலில் சீரியல், பிறகு கிண்ணத்தின் விளிம்பு வழியாகப் பால். நேராக மேலே ஊற்றினால் பூச்சைக் கழுவிவிடும்.

ஊற்றியதும் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் கரண்டி உடனே. இரண்டாவது 2 நிமிடத்தில். மூன்றாவது 5 நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் பண்டிகைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி, ஒரு வாய் தண்ணீர், அன்றாடக் கிண்ணத்தில் ஒரு கரண்டி.

உடனே எடுக்கும் முதல் கரண்டியில் பூச்சின் சுவையும் முறுமுறுப்பும் உச்சத்தில் இருக்கும். இந்தக் கரண்டிக்காகவே செய்யப்பட்ட சீரியல்கள் பல. இரண்டாம் நிமிடத்தில் நீர் உள்ளே புகத் தொடங்கியிருக்கும். உலர்ந்த துண்டிலுள்ள மாவுச்சத்து கண்ணாடிபோல் விறைத்து நிற்பது. கடித்தால் நொறுங்கும், ஒலிக்கும். நீர் புகுந்ததும் அந்த விறைப்பு தளர்ந்து, கண்ணாடி ரப்பராக மாறும். நமுத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். சர்க்கரைப் பூச்சு தடிமனாக இருந்தால் இது தாமதமாகும். இரண்டாம் நிமிடத்தில் வெளியே மென்மையும் நடுவில் இன்னும் ஒரு சிறு முறுமுறுப்பும் இருக்கும் சீரியலைத்தான் நான் நல்ல சீரியல் என்பேன். 1863-இல் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் செய்த கிரானுலா என்ற முதல் காலை உணவுச் சீரியலை இரவு முழுவதும் ஊறவைத்தால்தான் மெல்ல முடியும். ஒன்றரை நூற்றாண்டில் கவலை தலைகீழாகிவிட்டது; இன்று நமுத்துவிடாமல் காப்பதற்குத்தான் இத்தனை உழைப்பும்.

ஐந்தாம் நிமிடக் கரண்டியை யாரும் விரும்புவதில்லை, ஆனாலும் தவறாமல் எடுங்கள். பூச்சு கரைந்து முறுமுறுப்பு போனபின் மிஞ்சியிருப்பது தானியம். சோளமா, ஓட்ஸா, கோதுமையா, அதன் சொந்த ருசி நன்றாக இருக்கிறதா, அட்டையை மெல்வதுபோல் இருக்கிறதா என்று இப்போதுதான் தெரியும். இரண்டு கிண்ணங்களும் இந்த நிமிடத்தில் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கும். பண்டிகை எவ்வளவு மெல்லிய போர்வை என்பது இங்கே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

மார்ஷ்மெல்லோத் துண்டு ஒன்றைக் கரண்டியில் தனியாக ஏந்தி, பாலின் மேல் மிதக்கவிட்டுப் பாருங்கள். சுண்ணக்கட்டிபோல் கடினமாக இருந்த பனிமனிதன் ஓரங்களில் வழுவழுப்பாகத் தொடங்கும். முதலில் அவனுடைய கழுத்துத்துணியின் பச்சை நிறம் மெல்லிய இழையாகப் பாலில் இறங்கும், பிறகு சிவப்பு. ஒரு நிமிடம் போனால் உருவம் வீங்கி, முகம் கலைந்து, நிறம் மட்டும் பாலில் ஒரு வளையமாக நிற்கும். அதைக் கடிக்கச் சரியான நேரம், வெளியே வழுக்கியும் உள்ளே சிறு முறுமுறுப்பு மிச்சமும் இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான். கலந்து சாப்பிடும்போது இது தெரியவே தெரியாது.

படி 7: அடிப்பாலைத் தனியாகக் குடியுங்கள்

துண்டுகளை எடுத்தபின் கிண்ணத்தில் மிஞ்சும் பாலை ஒரு சிறு டம்ளரில் ஊற்றுங்கள். துண்டுகளிலிருந்து கழன்ற எல்லாமே இதில் இருக்கிறது: சர்க்கரை, உப்பு, வாசனை, நிறம். நல்ல பண்டிகைச் சீரியலின் பாலில் அந்தச் சுவை அடையாளம் தெரியும்படி இருக்கும்; சுகர் குக்கி என்றால் வெண்ணெயும் வெனிலாவும் தெரிய வேண்டும். வெறும் இனிப்பும் நிறமும் மட்டும் இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். பாலைக் குடித்தபின் அரை நிமிடம் சும்மா இருங்கள். வாயில் கசப்போ மருந்து வாடையோ தங்குகிறதா என்று அப்போது தெரியும்; மலிவான செயற்கை வாசனை தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் அது.

இந்தப் பாலை ஒரு பண்டமாகவே ஆக்கியவர் கிறிஸ்டினா டோசி. நியூயார்க்கில் அவர் தொடங்கிய மில்க் பார் கடையில், வறுத்த கார்ன்ஃப்ளேக்ஸைப் பாலில் ஊறவைத்து வடிகட்டி விற்றார். அடிப்பாலைப் பொருட்படுத்தியது நான் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

படி 8: கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை

வீட்டில் நான்கைந்து பேர் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு சீரியல்களையும் தனித்தனிப் பைகளில் போட்டு, வடிவம் தெரியாதபடி நசுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கரண்டி. அதில் இரண்டு ஒரே சீரியல், மூன்றாவது வேறு. எது வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். உணவுச் சோதனைக் கூடங்களில் இதை முக்கோணச் சோதனை என்பார்கள். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள்.

குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒருமுறை சரியாக வரும். ஐந்து பேரில் நான்கு பேர் சரியாகச் சொல்லிவிட்டால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சுவை நிஜமாகவே மாறியிருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு பேர் மட்டும் சொன்னார்கள் என்றால், பெட்டியின் படத்தைத்தான் இதுவரை சுவைத்துக்கொண்டிருந்தோம் என்று பொருள். பெப்பர்மிண்ட்டுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை, குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

படி 9: எழுதி வையுங்கள்

ஆண்டு, பெயர், சேர்மானத்தில் பிரிந்த இடம், மூன்று கரண்டிகளுக்கும் ஒவ்வொரு வரி, அடிப்பாலுக்கு ஒரு வரி. இவ்வளவு போதும். 'அருமை', 'சுமார்' என்ற சொற்களைத் தவிர்த்துவிட்டு, எதன் நினைவு வந்தது என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பெயரில் பெட்டி வரும்போது உள்ளே இருப்பது அதேதானா என்று பார்க்க உங்கள் குறிப்பைத் தவிர வேறு துணை கிடையாது.

மிஞ்சியதை என்ன செய்வது

உள்பையின் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைச் சுருட்டி, கிளிப் போட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் பையோடு வையுங்கள். பெட்டியில் இருக்கும் தேதி சுவைக்கான தேதி. அதைத் தாண்டியதும் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் தானியத்திலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால், எத்தனை அரிய பெட்டியானாலும் வெளியே போட வேண்டியதுதான். அடுத்த பண்டிகைக்கென்று எடுத்துவைக்கும் ஆசை எனக்கும் வந்தது, வைத்தும் பார்த்தேன். வாசனை பறந்து, பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது.

நமுத்த துண்டுகளை 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில், பரப்பிய தட்டில், ஐந்தாறு நிமிடம் வைத்து ஆறவிட்டால் முறுமுறுப்பு பெருமளவு திரும்பிவிடும். மார்ஷ்மெல்லோத் துண்டுகளை முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆறும்வரை தொடாதீர்கள், சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறிய பிறகே விறைக்கும்.

சுவை பிடிக்காத பெட்டிக்கும் ஒரு வழி உண்டு. கெல்லாக்ஸில் பணியாற்றிய மில்ட்ரெட் டே 1939-இல் உருவாக்கிய ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்ஸ் முறைதான் அது. வெண்ணெயும் மார்ஷ்மெல்லோவும் சேர்த்து மெல்லிய தீயில் உருக்கி, சீரியலைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் அழுத்தி, ஆறியதும் துண்டு போடுவது. அதிக இனிப்புள்ள பண்டிகைச் சீரியல் என்றால் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள், பாதி அளவுக்கு இனிப்பில்லாத அன்றாடச் சீரியலைக் கலந்துகொள்ளுங்கள். தனியாகத் திகட்டிய ஜிஞ்சர்பிரெட் வாசனை, வெண்ணெயோடு சேர்ந்ததும் இதமாகிவிடும்.